வாகனக் கணக்கெடுப்புக்கு ட்ரோன் போதுமா? மேலிருந்து படமெடுத்துப் போக்குவரத்தை அளப்பது குறித்து

சேலத்துப் பொறியாளன்:

வணக்கம். சாலைத் திட்ட ஆலோசனை அலுவலகம் ஒன்றில் இளநிலைப் பொறியாளனாகப் பணிபுரிகிறேன். சேலத்தில் நான்கு சாலைகள் கூடும் ஒரு சந்திப்பில் பன்னிரண்டு மணி நேர வாகனக் கணக்கெடுப்பு நடத்த வேண்டியிருக்கிறது. எங்கள் வழக்கம் இத்துறையில் உள்ள எல்லோரும் அறிந்ததுதான். சாலைக்கு இரண்டு மாணவர்கள் வீதம் உட்கார வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள் கொடுத்து, வண்டிக்கு ஒரு கோடு போடச் சொல்வோம். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு. மாலையில் தாள்களை வாங்கி எக்செலில் ஏற்றும்போதுதான், மதியம் இரண்டு மணிக்கு மேல் எல்லா எண்ணிக்கையும் ஐந்தின் மடங்காகவே வந்திருப்பது கண்ணில் படும். வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை.

இந்த முறை மேலாளர், "ஒரு ட்ரோனை மேலே ஏற்றினால் ஓர் ஆளே போதுமே, எட்டுப் பேருக்குக் கூலி எதற்கு?" என்று கேட்கிறார். மேலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு வாகனங்களை வகை பிரித்து எண்ண முடியுமா? நம் சாலையில் ஓடும் இருசக்கர வாகனக் கூட்டத்தில் அந்த எண்ணிக்கை நம்பத்தக்கதாக இருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மாடிப்பறவை:

நான் உரிமம் பெற்ற ட்ரோன் ஓட்டுநர். பெரும்பாலும் நில அளவைக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் பறக்கவிடுகிறேன். போக்குவரத்துக்காக இரண்டு முறை செய்திருக்கிறேன். உங்கள் மேலாளரிடம் முதலில் பேட்டரிக் கணக்கைக் காட்டுங்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போக, ஒரு பேட்டரியில் ஓரிடத்தில் நிறுத்தி உருப்படியாகப் படமெடுக்கக் கிடைப்பது சுமார் இருபது நிமிடம். பன்னிரண்டு மணி நேரம் என்றால் முப்பத்தாறு முறை ஏற்றி இறக்க வேண்டும். இறங்கிய பேட்டரி ஆறுவதற்கு முன் சார்ஜில் போடக் கூடாது. ஓர் ஆள் போதும் என்பதும் நடக்காது; ஒருவர் திரையைப் பார்க்கும்போது இன்னொருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் பருந்துகள் இந்தக் கருவியைத் தங்கள் எல்லைக்குள் நுழைந்த வேறொரு பறவை என்றே எடுத்துக்கொள்கின்றன.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வளையத்தில் அந்த வரம்பு 200 அடியாகக் குறைந்துவிடும். அதற்கும் உள்ளே வந்தால் பச்சை மண்டலம் என்பதே கிடையாது. சென்னைக் கத்திப்பாராவில் இதைச் செய்ய நினைத்தால் அனுமதிக் கடிதங்களோடுதான் வேலை தொடங்கும். சேலத்தில் விமான நிலையம் காமலாபுரத்தில் தள்ளியிருப்பது உங்களுக்கு வசதி; இருந்தாலும் அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் உங்கள் சந்திப்பைப் பார்த்துவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கிண்டி ஆசிரியை:

சேலத்துத் தம்பிக்கு. உங்கள் மேலாளர் கூலியைப் பற்றிக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு மேலே உள்ள பதில் போதுமானது. ஆனால் வான்படத்தை வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி வேறு.

சாலையோரத்தில் உட்கார்ந்து எண்ணுபவர் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தை ஓட விடுகிறார். மேலிருந்து படமெடுப்பவர் ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு சாலை முழுவதையும் பார்க்கிறார். முன்னவருக்குக் கிடைப்பது ஓட்டம், அதாவது மணிக்கு இத்தனை வண்டிகள் கடந்தன என்பது. பின்னவருக்குக் கிடைப்பது அடர்த்தி, அதாவது ஒரு கிலோமீட்டர் சாலையில் இத்தனை வண்டிகள் இருக்கின்றன என்பது. அடர்த்தியைச் சராசரி வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் வரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சமன்பாட்டின் குறும்பு நடைமுறையில் எப்படி வெளிப்படும் என்று பாருங்கள்.

காலை ஏழு மணிக்கு, உங்கள் மாணவர் பதினைந்து நிமிடத்தில் 300 வண்டிகளைக் குறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 1,200. வண்டிகள் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன என்றால், கிலோமீட்டருக்கு 30 வண்டிகள்தான் சாலையில் இருக்கும். ஒன்பது மணிக்கு நெரிசல் கட்டிவிட்டது, வண்டிகள் 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கின்றன, அடர்த்தி கிலோமீட்டருக்கு 200. இப்போதும் ஓட்டம் மணிக்கு 1,200தான். மாணவரின் தாளில் அதே 300 கோடுகள்தான் இருக்கும். எக்செலைப் பார்க்கும் நீங்கள், ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் சாலையில் ஒரே அளவு போக்குவரத்து என்று அறிக்கையில் எழுதுவீர்கள். 140 மீட்டர் சாலை ஒரு படச் சட்டத்துக்குள் அடங்கும்படி மேலிருந்து இரண்டு படங்கள் எடுத்திருந்தால், ஒன்றில் நான்கு வண்டிகளும் மற்றொன்றில் இருபத்தெட்டு வண்டிகளும் இருக்கும். பிள்ளைகள் கோடு போட்டதில் பிழையே இல்லை என்றாலும், அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து இந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே, எத்தனை வண்டி கடந்தது என்று கேட்பதற்காக ட்ரோனை ஏற்றாதீர்கள். எத்தனை வண்டி நின்றுகொண்டிருக்கிறது, வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்பதற்காக ஏற்றுங்கள்.

சந்தேகராமன்:

அடர்த்தியைத் தெரிந்துகொள்ள இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்தால் எந்தச் சாலை சிவப்பு, எந்தச் சாலை பச்சை என்று இலவசமாகத் தெரிகிறதே.

கிண்டி ஆசிரியை:

அந்தச் சிவப்பு வேகத்தைத்தான் சொல்கிறது ஐயா. சாலையில் போகிறவர்களின் கைபேசிகளிலிருந்து வரும் வேகம் அது. இரண்டு லாரிகள் அகலமாக அடைத்துக்கொண்டு ஊர்ந்தாலும் சிவப்பு, இருநூறு வண்டிகள் நெருக்கியடித்து நின்றாலும் அதே சிவப்பு. எத்தனை வண்டிகள், எந்த வகை வண்டிகள் என்பது அதில் வராது. சிக்னல் நேரத்தை மாற்றவோ சாலையை அகலப்படுத்தவோ அந்த எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள்.

பழைய நில அளவர்:

இந்த விவாதத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ட்ரோன் வந்த பிறகுதான் இது தொடங்கியது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். 1921-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் எப்சம் குதிரைப் பந்தய நாளின் நெரிசலைக் கவனிக்க ஆர்-33 என்ற ஆகாயக் கப்பலைக் காவல் துறை பயன்படுத்தியது. அது வெறும் கண்காணிப்பு. அளவை என்று சொல்லத்தக்க முயற்சி 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்தது. அங்கே பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்த ஏ. என். ஜான்சன், பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலான நெடுஞ்சாலையை விமானத்திலிருந்து படமெடுக்கச் செய்து, வண்டிகளையும் அவற்றுக்கு இடையே இருந்த இடைவெளியையும் படத்திலேயே அளந்தார்.

ஒரு கணத்தின் படத்தில் வேகம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வான்படம் எடுப்பவர்கள் ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வரும்படிதான் எடுப்பார்கள். மேடு பள்ளத்தை அளப்பதற்கு அந்த மேற்பொருந்தல் வேண்டும். ஆகவே ஒரே வண்டி இரண்டு படங்களிலும் விழும். அசையாத வீடுகளை வைத்துப் படங்களைப் பொருத்திவிட்டு, வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து, இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும். ஆசிரியை அம்மா சொன்ன சமன்பாட்டின் மூன்று உறுப்புகளும் அந்த இரண்டு காகிதங்களுக்குள் இருக்கின்றன.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் வான்படங்கள் பாதுகாப்பு முத்திரையோடு இரும்பு அலமாரிக்குள் இருக்கும். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், மாலையில் எண்ணித் திருப்பித் தர வேண்டும். (2021 பிப்ரவரியில் புவியிடத் தரவு விதிகளைத் தளர்த்தினார்கள் என்ற செய்தியைப் படித்தபோது அந்த அலமாரிச் சாவிதான் நினைவுக்கு வந்தது.) அந்தப் படங்களை இரட்டையாக வைத்து, கண்ணுக்கு ஒரு படம் என்று காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவி வழியே பார்த்தால் குன்றும் கோபுரமும் எழுந்து நிற்கும். ஒருநாள் நெடுஞ்சாலை ஒன்றில் ஒரு மாட்டு வண்டி, சாலைக்குக் கீழே ஆழமான கிணற்றுக்குள் போவதுபோல் தெரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு வண்டி, மரங்களுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. கண்ணில் கோளாறு என்று நினைத்து மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "முதல் வண்டி விமானம் போன திசையில் போகிறது, இரண்டாவது எதிர்த் திசையில் வருகிறது, அவ்வளவுதான்" என்றார். இரண்டு படங்களுக்கு இடையில் வண்டி நகர்ந்துவிடுவதால், அந்த நகர்வைக் கண் உயரமாகவோ ஆழமாகவோ எடுத்துக்கொள்கிறது. விமானம் 1,000 மீட்டர் உயரத்தில் பறந்து, பத்து நொடியில் 600 மீட்டர் கடந்து அடுத்த படத்தை எடுக்கிறது என்றால், நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் மாட்டு வண்டி சுமார் 17 மீட்டர் ஆழத்தில் தெரியும். காரும் பேருந்தும் அந்த அளவுக்குள் அடங்கமாட்டா. அவை இரண்டாகப் பிளந்து தெரியும். இதை வைத்து ஆற்று நீரோட்டத்தின் வேகத்தைக்கூட அளக்கலாம் என்று 1950களில் கேமரன் என்பவர் காட்டினார். எங்கள் துறையில் அவர் பெயராலேயே இந்த விளைவைக் குறிப்பிடுவார்கள்.

கொலம்பஸ்வாசி:

ஐயா சொன்ன மாட்டு வண்டி இன்று முழுவதும் என் மனத்தை விட்டு அகலாது. நான் வசிப்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில். வேலைக்குப் போகும் வழி 71-ஆம் எண் நெடுஞ்சாலை. இந்த விவாதத்தில் அந்தச் சாலைக்கு ஓர் இடம் உண்டு.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் ட்ரைடரர், இந்தச் சாலையின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து, ஓர் இடத்தைப் படமெடுப்பதற்குப் பதிலாக ஒரு வாகனக் கூட்டத்தையே பின்தொடர்ந்து தொடர்ச்சியாகப் படமெடுத்தார். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு காரின் இடத்தையும் அளந்து, நேரத்தைக் கிடைக்கோட்டிலும் தூரத்தை நிலைக்கோட்டிலும் வைத்து, ஒரு காருக்கு ஒரு வளைகோடு என்று வரைந்தார்கள். சாய்ந்து மேலேறும் கோடுகள் ஓரிடத்தில் மடங்கிக் கிடைமட்டமாகி, மறுபடியும் நிமிர்கின்றன. அந்த மடிப்பு கார் காராகப் பின்னோக்கி நகர்கிறது. அங்கே விபத்து இல்லை, சிக்னல் இல்லை, சாலை குறுகவும் இல்லை. நெரிசல் என்பது வண்டிகள் போகும் திசைக்கு எதிராகப் பின்னால் நகரும் ஓர் அலை என்பது வரைபடத்தில் கண்கூடாகத் தெரிந்தது. 1974-இல் மையர்ஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், நெரிசலுக்குள் நுழையும்போது வேகத்துக்கும் அடர்த்திக்கும் இருந்த உறவு, வெளியேறும்போது அப்படியே இல்லை என்பதையும் காட்டினார்கள். நெரிசலிலிருந்து விடுபடும் ஓட்டுநர்கள் சற்றுத் தயங்கித்தான் வேகமெடுக்கிறார்கள். சாலையோர எண்ணிக்கையில் இந்தத் தயக்கம் பிடிபடாது.

இதே மாநிலத்தில்தான் 1930களில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் சாலையோரத்தில் சினிமா கேமராவை நிறுத்தி, அடர்த்தி கூடக்கூட வேகம் நேர்கோட்டில் குறைகிறது என்று வரைந்தார். அவர் தரையில் நின்றார், இவர் வானத்தில் பறந்தார். நேர்கோடு அவ்வளவு நேரானதன்று என்பது வானத்திலிருந்து பார்த்தபோதும் தெரிந்தது.

பிற்காலத்தில் ஹெலிகாப்டர் செலவுக்கு அஞ்சி உயரமான கட்டடங்களுக்குப் போனார்கள். 2005 ஏப்ரலில் கலிபோர்னியாவின் எமரிவில்லில் முப்பது மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் ஏழு கேமராக்களை வைத்து 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டரைப் பதிவு செய்தார்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்தத் தரவை வைத்துக் கட்டுரை எழுதினார்கள்; பல ஆண்டுகள் கழித்துத்தான், அதில் கார்கள் இயற்பியலுக்கு ஒவ்வாத வேகத்தில் முடுக்கம் பெறுவதையும், ஒன்றுக்குள் ஒன்று புகுவதையும் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆகவே சேலத்து நண்பரே, காணொளியிலிருந்து மென்பொருள் தரும் எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிண்டி ஆசிரியை:

கொலம்பஸ் நண்பர் சொன்ன முடுக்கப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ட்ரோன் காணொளிக்கும் அது பொருந்தும். 100 மீட்டர் உயரத்தில் ட்ரோனை நிறுத்தினால், சாதாரணக் கேமராவில் சுமார் 140 மீட்டர் நீளம் அடங்கும். குறுக்கே 3,840 பிக்சல்கள் என்றால், ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறத்தாழ 3.6 சென்டிமீட்டர். ஸ்கூட்டர் ஒன்று ஐம்பது பிக்சல் நீளத்தில் தெளிவாகவே விழும். ஆனால் மென்பொருள் வண்டியைச் சுற்றி வரையும் பெட்டி, காற்றில் ட்ரோன் அசைவதால் ஒரே ஒரு படச் சட்டத்தில் ஒரு பிக்சல் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 25 சட்டங்கள் என்னும்போது, அந்த 3.6 சென்டிமீட்டர் வேகத்தில் மணிக்கு 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழையாகிறது, அது பரவாயில்லை. முடுக்கம் கணக்கிட்டால், பக்கத்துச் சட்டத்திலேயே நொடி வர்க்கத்துக்கு 22.5 மீட்டர், அதாவது புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். டீக்கடை வாசலில் நிற்கும் டிவிஎஸ் வண்டி ராக்கெட்டாகிவிடும். எண்ணிக்கைக்கும் அடர்த்திக்கும் இந்தப் பிழை ஒன்றும் செய்யாது. வேகத்துக்கு அரை நொடியோ ஒரு நொடியோ சராசரி எடுத்தால் போதும். முடுக்கத்தை உங்கள் அறிக்கையில் தொடவே வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருசக்கர வாகனக் கூட்டம் வான்படத்துக்கு இடைஞ்சல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில், மேலிருந்து பார்த்தால்தான் அந்தக் கூட்டத்துக்கு நியாயமே கிடைக்கிறது. நம் சாலையில் தடம் என்று எதுவும் இல்லை. பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் கிடைத்தால் அது ஒரு தடம். இந்தியச் சாலைப் பேராயத்தின் 1990-ஆம் ஆண்டு நெறிமுறையில், எல்லா வண்டிகளையும் கார்க் கணக்குக்கு மாற்றும்போது, இருசக்கர வாகனம் மொத்தத்தில் 5 விழுக்காடு என்றால் அரைக் காருக்குச் சமம், 10 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் முக்கால் காருக்குச் சமம் என்று இருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனம். அட்டவணையோ பத்தோடு நின்றுவிடுகிறது. 2017-இல் வந்த இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு இதை மாற்றி, வண்டியின் வேகத்தையும் அது தரையில் அடைக்கும் பரப்பையும் காரோடு ஒப்பிட்டுக் கணக்கிடச் சொல்கிறது. காருக்கு 5.36 சதுர மீட்டர், இருசக்கர வாகனத்துக்கு 1.20. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ஸ்கூட்டர் ஒரு காரில் கால் பங்குகூட இல்லை. வேகத்தையும் பரப்பையும் ஒருசேரக் காட்டும் கருவி வான்படத்தைத் தவிர வேறு எது?

சென்னைச் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் 2014-இல் 245 மீட்டர் நீளத்துக்குக் காணொளி எடுத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளின் பாதையை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார்கள். தடமில்லாத ஓட்டத்தை ஆராய்பவர்கள் இன்றும் அந்தத் தரவைத் தேடி எடுக்கிறார்கள். 2018 அக்டோபரில் ஏதென்ஸ் நகர மையத்தின் மேல் பத்து ட்ரோன்களை ஒரே நேரத்தில் நிறுத்திச் செய்த ஆய்விலும் மோட்டார் சைக்கிளுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கும் பேட்டரி தீர்ந்தது. பத்தும் சேர்ந்து இறங்கி ஏறும்வரை அவர்களுடைய பதிவிலும் இடைவெளிதான்.

மாடிப்பறவை:

அம்மா சொன்ன 140 மீட்டரிலும் விளிம்பை நம்பக் கூடாது. கேமராவுக்கு நேர் கீழே இருக்கும் பேருந்தின் கூரை மட்டும் தெரியும்; அதுவே அறுபது மீட்டர் தள்ளி நின்றால், 3.2 மீட்டர் உயரமுள்ள அதன் கூரை, படத்தில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். அந்த இரண்டு மீட்டருக்குள் ஒரு மொபெட்டும் அதன் பின்னால் கட்டிய பால் கேன்களும் முழுதாக மறைந்துபோகும். ஒரு காணொளியில் பேருந்தின் பக்கத்திலிருந்து திடீரென மூன்று ஸ்கூட்டர்கள் பிறந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நடுவில் தொண்ணூறு நூறு மீட்டரை மட்டும் எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மரம் இன்னொரு தலைவலி. தூங்குமூஞ்சி மரம் கவிந்த சாலையில் வானத்திலிருந்து இலைதான் தெரியும். மேம்பாலமும் அப்படித்தான். சேலத்து ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல் நின்று பார்த்தால், அடியில் தரையில் நடக்கிற நெரிசல் எதுவும் படத்தில் விழாது. மாலை நான்கு மணிக்கு மேல் நிழல் நீளும். சில மென்பொருள்கள் பேருந்தின் நிழலைத் தனி வண்டியாக எண்ணும். வெளிநாட்டுப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு ஷேர் ஆட்டோவும் குட்டியானையும் ஒன்றுதான். குறைந்தது பத்துச் சட்டங்களையாவது கையால் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்காமல் அறிக்கை தர வேண்டாம்.

சந்தேகராமன்:

அளவை என்று சொல்லி மேலே ஏற்றுவார்கள், அடுத்த மாதம் தலைக்கவசம் இல்லை என்று வீட்டுக்கு அபராதச் சீட்டு வரும். 2023-இல் சென்னைக் காவல் துறை அடையாற்றில் ட்ரோன் பிரிவு தொடங்கியதை எல்லோரும் படித்தோம். என் வீட்டு மாடிக்கு மேலே நின்று யார் எப்போது வெளியே போகிறார்கள் என்று பதிவு செய்வதை நான் எப்படி ஏற்பது?

கிண்டி ஆசிரியை:

இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு பிக்சல் 3.6 சென்டிமீட்டர் என்னும்போது எண்பலகையின் எழுத்து இரண்டு பிக்சல்கூட வராது. நேர் மேலிருந்து பார்த்தால் எண்பலகையே தெரியாது. ஆகவே சரியாக எடுத்த அளவைப் படத்தில் அபராதம் விதிக்க ஒன்றும் இருக்காது. ஆளை அடையாளம் காண வேண்டும் என்றால் தாழ்வாகப் பறந்து, சாய்வாகப் பெரிதாக்கி எடுக்க வேண்டும். அது வேறு வேலை, அதற்கு வேறு அனுமதி வேண்டும். ஆனால் உங்கள் அச்சத்தில் ஒரு பகுதி சரியானது. ஒரு வண்டியின் பாதை ஒரு வீட்டு வாசலில் தொடங்குகிறது என்றால், எண்பலகை இல்லாமலே அது யாருடைய வண்டி என்று தெரிந்துவிடும். பாதைகளைச் சாலை விளிம்பிலேயே வெட்டிவிட்டு, எண்ணி முடித்ததும் மூலக் காணொளியை அழித்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எங்கள் மாணவர்களிடம் நான் அப்படித்தான் எழுதி வாங்குகிறேன்.

பழைய நில அளவர்:

அழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரும்பு அலமாரியில் பூட்டுங்கள், அழிக்காதீர்கள். பத்தாண்டு கழித்து அந்தச் சந்திப்பு எப்படி இருந்தது என்று கேட்க ஒருவர் வருவார். எங்கள் காலத்துப் படங்களில் ஏரி இருந்த இடத்தை இன்று தேடி வருகிறார்கள்.

சேலத்துப் பொறியாளன்:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை முன்னோட்டமாக நடத்திப் பார்த்தோம். மாணவர்களை நிறுத்தவில்லை, அவர்கள் வழக்கம்போல் எண்ணினார்கள். அருகிலிருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து ட்ரோனைக் காலை ஏழே கால் மணிக்கு ஒரு முறையும், எட்டே முக்கால் மணிக்குப் பிறகு இரண்டு முறையும் ஏற்றினோம். மூன்றாவது முறை, மாடிப்பறவை சொன்னதுபோலவே, ஒரு பருந்து இரண்டு வட்டமடித்ததும் ஓட்டுநர் உடனே இறக்கிவிட்டார்.

வடக்குச் சாலையில் மாணவர்களின் தாள் முதல் பதினைந்து நிமிடத்துக்கு 290 என்றும், ஒன்பது மணிக்குப் பிந்தைய பதினைந்து நிமிடத்துக்கு 305 என்றும் சொன்னது. படத்தின் நடுப்பகுதியான நூறு மீட்டரில் நானே கையால் எண்ணினேன். முதலாவதில் சட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு வண்டிகள், இரண்டாவதில் இருபதிலிருந்து இருபத்தைந்து வரை. ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்த பிறகும், கண்ணால் பார்க்கும்போது ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வரிசை நகரவில்லை. நெரிசலின் தலை சிக்னலில் இல்லை. சந்திப்பைத் தாண்டி அறுபது மீட்டரில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. பேருந்து ஒதுங்க வேண்டிய இடத்தில் இருசக்கர வாகனங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் டவுன் பஸ் சாலை நடுவிலேயே நின்று ஆள் ஏற்றுகிறது. எங்கள் பிள்ளைகள் சிக்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால், அந்த நிறுத்தம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் சிக்னல் நேரத்தை மாற்றுவதற்காகத்தான் இந்தக் கணக்கெடுப்பையே தொடங்கினோம்.

சிக்கல் ஒன்று. காணொளிக் கோப்புகளின் நேரமுத்திரை, தாளில் உள்ள நேரத்தோடு பொருந்தவில்லை. ட்ரோனில் மணி அதிகாலை மூன்றே கால் என்று காட்டுகிறது.

மாடிப்பறவை:

அது கிரீன்விச் நேரம், தம்பி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் எட்டே முக்கால் வந்துவிடும். ஆனால் மாணவர்களின் கைபேசிக்கும் ட்ரோனுக்கும் இடையே சில நொடிகள் முன்பின் இருக்கலாம். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன், பதிவைத் தொடங்கிவிட்டு, ஒரு மாணவரின் கைபேசியில் நொடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து கேமராவுக்கு நேரே ஐந்து நொடி காட்டச் சொல்லுங்கள். பிறகு ஏற்றுங்கள்.

சேலத்துப் பொறியாளன்:

அப்படியே செய்கிறேன். வியாழக்கிழமை மாலை மறுபடியும் ஏற்றுகிறோம். இந்த முறை இரண்டு பிள்ளைகளைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார வைக்க மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்.